சிவப்பில் நின்றவர்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்கைப் பார்த்து வண்டியை நிறுத்திய ஒரே மனிதரை எனக்குத் தெரியும். 'ஒரே' என்று சொல்வது மிகை என நினைப்பவர்கள் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அங்கே வந்து நின்று பார்க்கலாம். கண்டெய்னர் லாரி நிற்காது, தண்ணி லாரி நிற்காது, ஷேர் ஆட்டோ நிற்காது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடுகிற சாக்கில் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடும் பைக்குகள் நிற்கவே நிற்காது. நானும் நின்றதில்லை. அவர் மட்டும் நிற்பார். அதுவும் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் ஒரு மீன்பாடி வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு நிற்பார்.

அதனால் எங்கள் தெருவில் அவருக்கு 'சிக்னல்' என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட "சிக்னல் வூடு எது?" என்றுதான் கேட்பார்.

மீன்பாடி வண்டி தெரியாதவர்களுக்காக: முன்னால் இரண்டு சக்கரம், அவற்றின் மேல் அகலமான பலகை, பின்னால் ஒரு சக்கரம், அதன் மேல் மிதிக்கிற ஆள். காசிமேட்டில் மீன் கூடைகளை ஏற்றுவதற்கென்றே பிறந்த வண்டி. சிக்னல் அதை வாங்கியபோது அதில் யாரோ பழைய மொபெட் எஞ்சின் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். மிதிக்கிற வண்டியில் எஞ்சின் வைப்பது சட்டப்படி குற்றம் என்று அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். ஊரெல்லாம் மீன்பாடி வண்டியில் எஞ்சினை மாட்டிக்கொண்டிருந்த காலத்தில், இருந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு மிதித்தவர் அவர். மீன் வாடை போகப் புளி, எலுமிச்சை, பிளீச்சிங் பவுடர் என்று பத்து நாள் தேய்த்தார். வெயில் நாளில் வாடை வராது. மழை பெய்தால் வஞ்சிரமும் வவ்வாலும் திரும்பி வந்துவிடும்.

உடைத்துப் போட்ட ஒரு வேனின் சீட்டை வாங்கிப் பலகையில் பொருத்தி, மஞ்சள் பெயின்ட் அடித்து, அதில் குடும்பத்தை ஏற்றினார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர், மதிய ஷிப்ட். அதனால் காலை நேரம் அவருடையது. முதலில் மனைவி கலாவை இறால் உரிக்கும் கம்பெனி வாசலில் இறக்குவார். பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில். அங்கே ஈரத்துணியால் மூன்று முகத்தையும் துடைப்பார். துணி கறுப்பாகிவிடும். எங்கள் பக்கத்துக் காற்றில் நிலக்கரி எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அந்தத் துணியைத் தவிர வேறு அத்தாட்சியை நான் பார்த்ததில்லை.

"ஒரு பைக் வாங்கிக்கலாமே?" என்று ஒருமுறை கேட்டேன். நான் அவருடைய எதிர்வீட்டுக்காரன். ராயபுரத்தில், துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் கிளார்க்.

"பைக்குல ரெண்டு பேருதான் ஏறணும்னு சட்டம் சொல்லுது சார். நாங்க அஞ்சு பேரு. ரெண்டரை பைக்கா வாங்க சொல்ற?"

"சரக்கு வண்டியில ஆள் ஏத்துறது மட்டும் சட்டப்படி சரியா?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். மனுஷர் மூன்று நாள் சோறு இறங்காமல் திரிந்தார். நான்காம் நாள் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்க் கேட்டிருக்கிறார். "மிதிக்கிற வண்டிக்கெல்லாம் ஒரு சட்டமும் கெடையாது, போய்யா" என்றார்களாம். "அத்த எழுத்துல குடுங்க சார்" என்று இவர் அங்கேயே நின்றிருக்கிறார். விரட்டிவிட்டார்கள்.

சிவப்பில் நிற்கிற காட்சியைச் சொல்ல வேண்டும். வண்டி நின்றதும் மூத்தவள் மகி இடது கையை நீட்டுவாள், நடுப்பெண் சுபா வலது கையை நீட்டுவாள், கடைக்குட்டி பாபு மணியை அடிப்பான். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்து வானத்தைக் கிழிக்கும். ஒருநாள் டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் வெயிலில் வியர்க்க ஓடி வந்தார்.

"இன்னாபா, செயின் கழண்டுகிச்சா?"

"இல்ல சார். ரெட்டு."

போலீஸ்காரர் நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தார். அங்கே அப்படி ஒன்று இருப்பதை அன்றுதான் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"அது சும்மா எரியுதுபா. நீ போ."

"எரியுதே சார்."

"நான் சொல்றேன்ல, போ!"

"நீங்க கைய காட்டுங்க, போறேன். சும்மா வாயால சொன்னா எப்டி சார் போறது?"

அவர் கை காட்டுவதற்குள் பச்சை விழுந்துவிட்டது. மீன்பாடி வண்டி ஊர்வலம்போல் கடந்தது. பாபு அந்தப் போலீஸ்காரருக்கு சல்யூட் வைத்ததாகவும், அவரும் தன்னை அறியாமல் திருப்பி வைத்ததாகவும் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

கலாவுக்கு இதெல்லாம் தலையெழுத்து. "என்னைக் கட்டிக்கினதுக்கு அந்தக் கம்பத்தக் கட்டிக்கினு இருக்கலாம்" என்பாள். ஆனால் தெருவில் வேறு யாராவது அவரைக் கிண்டல் செய்தால் தொலைந்தார்கள். குழாயடியில் ஒருத்தி "மீன் வண்டில புள்ளைங்களாமே" என்று ஆரம்பித்தபோது, "உன் ஊட்டுக்காரன் பைக்குல அஞ்சு பேரை அடுக்கிக்கினு போறானே, அது இன்னா, கருவாட்டுக் கூடையா?" என்று கேட்டு வாயை அடைத்தாள்.

எனக்கு அவர் மேல் ஏற்பட்ட எரிச்சலுக்கு முதல் காரணம் மிச்சமிருந்த மஞ்சள் பெயின்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் குடும்பத்தோடு சாலைக்குப் போய், ஓரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு கோடு போட ஆரம்பித்துவிட்டார். தெருமுனையிலிருந்து பள்ளிக்கூடம் வரை என்பது திட்டம். நாற்பதடியில் டப்பா தீர்ந்துபோனது. ஈரம் காய்வதற்குள் ஒரு டிரெய்லர் லாரி அதன் மேலேயே வந்து நின்றது. பிறகு அது கிளம்பிப் போன வழியெல்லாம் எண்ணூர் வரைக்கும் மஞ்சள் தடம். மிச்சம் இருந்த கோட்டுக்குள் இளநீர்க்காரர் ஒருவர் அளவெடுத்ததுபோல் காய்களை அடுக்கிக் கடை போட்டார். சிக்னலை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டதற்கு, "எதிர்வூட்டு சார் நம்ம தோஸ்து" என்று என் பேரைச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பை விட்டுவிட்டுப் போனேன்.

"இந்த ஆளு இன்னா சார், பைத்தியமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கொஞ்சம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் நன்றி சொல்வார் என்று பார்த்தேன். "எனக்கோசரம் பொய் சொல்லிட்டியே சார்" என்று வருத்தமாகச் சொன்னார். அன்று நான் அவரோடு நடக்கவில்லை. ஆட்டோ பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவது காரணம் என் மகள் வர்ஷா. ஒரு நாள் என் ஸ்கூட்டர் மக்கர் செய்ய, அவரே வந்து "பாப்பாவ நான் வுட்டுட்றேன் சார்" என்று ஏற்றிக்கொண்டு போனார். மீன் வண்டியில் என் பெண்ணா என்று எனக்குக் கூச்சம். சாயங்காலம் அவள் மகாராணிபோல் திரும்பி வந்தாள். கை நீட்டும் வேலையைத் தனக்குக் கொடுத்தார்களாம். அதற்குப் பிறகு மாதத்தில் பாதி நாள் அந்த வண்டியில்தான் போனாள். மீதி நாள் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு கம்பத்திலும் "அப்பா, ரெட்டு! அப்பா, ரெட்டு!" என்று என் முதுகில் குத்துவாள். சொந்த வண்டியில் இன்ஸ்பெக்டரை ஏற்றிக்கொண்டு போகிற பாவம் யாருக்கும் வேண்டாம்.

அந்த நாள் காலையிலும் குத்தினாள்.

எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற சிக்னலில் மஞ்சள் வண்டி நின்றுகொண்டிருந்தது. கலாவை ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்தார். மூன்று பிள்ளைகள் மட்டும் முன்னால். அவர்களைத் தாண்டும்போது வர்ஷா அவர்களுக்குக் கையாட்டினாள். "அப்பா, ரெட்டு!" என்றாள். "நேரமாச்சு" என்றேன். நடுச்சாலை தாண்டியிருப்பேன், பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. இரும்பு மடங்குகிற சத்தம்.

கண்ணாடியில்தான் முதலில் பார்த்தேன். வெறும் டிரெய்லரோடு வந்த லாரி ஒன்று அவருடைய பின்சக்கரத்தில் ஏறி நின்றது. மோதிய வேகத்தில் முன்பலகை பிய்த்துக்கொண்டு, பிள்ளைகளோடு தனியாக உருண்டு போய் நடுச்சுவரில் இடித்து நின்றது. மகி தம்பி தங்கை இருவரையும் கழுத்தோடு சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்தாள். பிள்ளைகளுக்குச் சிராய்ப்புகள் மட்டும். அவர் பின்பக்கத்து இரும்புக்கு அடியில் கிடந்தார். வலது கால் எங்கே இருக்கிறதென்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் பச்சை விழுந்தது.

கூட்டம் கூடியது. லாரி டிரைவரை ஒருவரும் கேட்கவில்லை. கீழே கிடந்தவரிடம்தான் கேட்டார்கள். "இன்னாத்துக்குபா ரெட்டுல நின்ன?" என்று ஒருவர் நிஜமான அக்கறையோடு குனிந்து கேட்டார். "ஊரே போய்கினு கீது, இவன் நடுரோட்டுல நிக்கிறான்" என்றார் இன்னொருவர். அவர், "பசங்க? பசங்க?" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. மகியைத் தூக்கிக் காட்டினேன். அப்புறம்தான் கண்ணை மூடினார்.

ஸ்டேஷனில் நான்தான் சாட்சி. கம்பத்தில் கேமரா இருந்தது. அது பல மாதமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரைட்டர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்:

"சிக்னல் ரெட்டா, கிரீனா?"

லாரியின் கதவில் எழுதியிருந்த பேரை நான் பார்த்திருந்தேன். எங்கள் ஆபீஸ் பெட்டிகளை ஏற்றுகிற டிரான்ஸ்போர்ட். அந்த முதலாளியிடம் தினமும் பத்து முறை போனில் பேசுகிறவன் நான். அதோடு, ரெட் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்: நீ எப்படிய்யா அந்தப் பக்கம் போனே?

"கவனிக்கலை சார்" என்றேன்.

ரைட்டருக்கு வேலை சுலபமாகிவிட்டது. 'மேற்படி மிதிவண்டி சாலையின் நடுவே திடீரென நிறுத்தப்பட்டது' என்று எழுதினார். படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். வெளியே பெஞ்சில், பெண் போலீஸ் ஒருவர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு வர்ஷா உட்கார்ந்திருந்தாள்.

"கரெக்டா சொன்னியாப்பா?"

"சொன்னேன்."

அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு வாரம் கழித்துத்தான் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். இந்த மாதிரி இடங்களுக்கு நம்மால் கொண்டுபோக முடிந்தது அதுதான். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"பாப்பா நல்லா கீதா சார்?"

"நல்லா இருக்கா."

"நீ நிக்காம போய்ட்டியே, நல்லதாப் போச்சு. பாப்பா பின்னாடில்ல உக்காந்துனு இருந்துச்சு. நம்ம பக்கத்துல நின்னிருந்தீன்னா..." என்று சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டார்.

குத்திக்காட்டுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த மனிதருக்குக் குத்திக்காட்டத் தெரியாது. என் வாழ்க்கையில் யாரும் என்னை அதைவிட மோசமாக அடித்ததில்லை.

கலாவுக்குத் தெரியும். வராந்தாவில் என் பின்னாலேயே வந்தாள்.

"டேசன்ல இன்னாண்ணா சொன்ன?"

"அதும்மா... அந்த அவசரத்துல கவனிக்கல..."

"கவனிக்கல." அவள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "உன் பொண்ணு எங்க வண்டில வர்ற நாளெல்லாம், அந்த ஆளு பள்ளம் பாத்துப் பாத்து மிதிப்பாரு. எங்க புள்ளைங்களுக்குக்கூட அப்டி பாத்ததில்ல. எதிர்வூட்டு சாரு நம்பி வுட்டுக்கீறாருன்னு சொல்வாரு. போண்ணா. ஆரஞ்ச எடுத்துக்கினு போ."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் எங்கேயோ விட்டுவிட்டேன்.

அவர் வேலை போயிற்று. உட்கார்ந்து செய்கிற ஃபிட்டர் வேலை கிடையாது என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்களாம். உடைந்த வண்டியைக் கலா பட்டறையில் கொடுத்து ஒட்டவைத்தாள். ஒருநாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதிக்கிறாள். முன்னால் மூன்று பிள்ளைகளுக்கு நடுவில் ஊன்றுகோலைப் பிடித்தபடி அவர்.

"லெஃப்ட்ல வா கலா... பிரேக்க அழுத்தாத, மெதுவா புடி..."

"வாய மூடிக்கினு வா. மிதிக்கிறது நானு."

கலா சிவப்பில் நிற்பதில்லை. பின்னால் ஒருமுறை திரும்பி லாரியைப் பார்ப்பாள், போய்விடுவாள். அந்த நேரத்தில் அவர் கண்ணை மூடிக்கொள்வார் என்று வர்ஷா வந்து சொன்னாள். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் இப்போதெல்லாம் என் முதுகில் குத்துவதில்லை.

இரண்டு வருஷம் கழித்து விபத்து வழக்கு பாரிமுனைக் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. எனக்கும் சம்மன். இந்த முறை சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்க்க அதில் ஒன்றுமில்லை. ஒரே வார்த்தை.

"சிவப்பு" என்றேன். "சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் நின்றார். நான் நிற்காமல் போனேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். என் பழைய வாக்குமூலத்தை எடுத்து நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"இதுல கவனிக்கலைன்னு சொல்லியிருக்கீங்க. இப்ப சிவப்புங்கறீங்க. எது பொய்?"

"அது பொய்."

"அப்ப போலீஸ்ல பொய் சொல்றவர் நீங்க. பல வருஷமா எதிர்வீட்டுல இருக்கீங்க. தோஸ்துன்னு வேற சொல்றாங்க. தேங்க்ஸ் சார், அவ்வளவுதான்."

கூண்டிலிருந்து இறங்கி வந்தேன். தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: என் சாட்சியத்தை நம்ப முடியாதாம். பாதித் தவறு லாரியுடையது, பாதித் தவறு திடீரென நின்ற மிதிவண்டியுடையது. நான் பயந்த மாதிரி எனக்கும் ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. லைசென்ஸை யாரும் கேட்கவில்லை. அந்த டிரான்ஸ்போர்ட் முதலாளிக்கு நான் அந்த வழக்கில் சாட்சி என்பதே தெரியாது. தீபாவளிக்கு வழக்கம்போல் அரைக் கிலோ மைசூர்பாகு அனுப்பிவைத்தார். இந்த மைசூர்பாகு நின்றுவிடுமோ என்று பயந்துதான் ஒரு மனிதனின் காலை நான் வாயில் போட்டுக்கொண்டேன்.

சாட்சி சொன்ன அன்றைக்கு வருகிறேன். கோர்ட்டு வாசலில் மஞ்சள் வண்டி நின்றது. திருவொற்றியூரிலிருந்து அவ்வளவு தூரம் கலா மிதித்தே கூட்டிவந்திருந்தாள். நான் அவர்களைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு நழுவப் பார்த்தேன்.

"சார்!" என்றார். "எங்க போற? நம்ம தெருவுக்குத்தானே? ஏறு."

"இல்ல, நான் பஸ்ஸுல..."

"பசங்க இஸ்கூலுக்குப் போயாச்சு. சீட்டு காலியாத்தான் கீது. ஏறு சார்."

நான் கலாவைப் பார்த்தேன். எண்பது கிலோ ஆளை அவள் மிதிக்க வேண்டும். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே, "ஏறுண்ணா, வெயிலு ஏறுது" என்றாள்.

ஏறினேன். பிள்ளைகள் உட்காருகிற சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு, ஆபீஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் கலா மூச்சு வாங்க மிதித்தாள். ராயபுரம் பாலம் ஏறும்போது நான் இறங்கித் தள்ளினேன். எதையாவது சொல்ல வேண்டும் என்று பாலம் முழுக்க நினைத்தேன். மன்னிப்பு என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது. அந்தப் பாலத்தில் அது எனக்கு வாயில் வரவில்லை. இறக்கத்தில் மறுபடி ஏறிக்கொண்டேன்.

இறக்கம் முடிந்ததும் அவர்தான் பேசினார்.

"கோர்ட்ல நல்லா பேசினே சார். குரல் நடுங்கவே இல்ல."

நடுங்கியது. மொத்தக் கோர்ட்டும் கேட்டது. இந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தண்டையார்பேட்டைப் பக்கம் சாலையெல்லாம் பள்ளம். வண்டி ஆடும்போதெல்லாம் அவர் தன் பழக்கத்தில் ஒரு கையை எனக்குக் குறுக்கே நீட்டி, நான் விழுந்துவிடாதபடி அணைபோட்டுப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயது ஆளை அப்படிப் பிடிக்கத் தேவையில்லைதான். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடு வரைக்கும் பள்ளம் இருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.